வருத்தம் இல்லை என்று சொன்னேன்

ஆசுபத்திரியிலிருந்து வீடு திரும்பி இரண்டு மாதமாகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், அங்கே உனக்கு என்னதான் செய்தார்கள் என்று ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. நான் அச்சுக்கோக்கிறவன். பிறர் எழுதியதை எழுத்து எழுத்தாய்ப் பொறுக்கி அடுக்குவதே என் பிழைப்பு. ஒருமுறை என் கதையையும் அடுக்கிவிட்டால் வருகிறவர்கள் கையில் கொடுத்துவிடலாம். இதைப் படித்தவர்கள் பார்க்க வரவேண்டாம் என்று சொல்லமாட்டேன். வரும்போது பழம் வாங்கிவந்தால் போதும்.

என் மனைவி கமலம் போன சித்திரையில் இறந்தாள். ஒன்பது நாள் காய்ச்சல். சுண்ணாம்புக் கம்பம் என்ற குடியிருப்பில் இரண்டு அறை வீடும், ஐந்து வயது ராசாத்தியும், நானும் மிஞ்சினோம். ராசாத்தியை மச்சான் வீட்டில் விட்டேன். மச்சான் என்றால் கமலத்தின் அண்ணன்; அதே கம்பத்தில் மாடு வைத்துப் பால் விற்கிறவர். அங்கே குழந்தைக்குத் தலை பின்னிவிட ஒரு பெண்பிள்ளை உண்டு. எனக்கு அச்சுக்கூடம் உண்டு. ஆனால் எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நின்றால் கை எழுத்தை எடுக்கும், மனசு எங்கோ நிற்கும். ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயர் வரவேண்டிய இடத்தில் கமலம் என்று கோத்துவிட்டேன். நல்லவேளை, மை போடுமுன் கண்ணில் பட்டது.

முதலாளி மரைக்காயர் அதற்கு ஒன்றும் திட்டவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போய் இருட்டில் உட்காராதே, மலைப்பக்கம் போ, படி ஏறு என்றார். அவரும் பெண்சாதியை இழந்தவர். “மூச்சு வாங்குறப்ப மனுசனுக்கு அழ முடியாது தம்பி, நான் பார்த்திருக்கேன்” என்றார்.

அப்படித்தான் படி ஏறத் தொடங்கினேன். இந்த ஊரில் மேடுகளுக்குக் குறைவில்லை. மேலே துரைமார் பங்களா, கீழே நம் கொட்டகை. நடுவில் இருக்கும் படிக்கட்டு மட்டும் எல்லாருக்கும் பொது. கோட்டை மலைப் படி, எமிலி மலைப் படி, சொபியா மலையில் வழுக்குப் பாசி பிடித்த படி என்று ஒன்று விடாமல் ஏறினேன். ஏறும்போது வாய்விட்டு எண்ணுவேன். எண்ணிக்கொண்டிருந்தால் நினைப்பு வராது. அந்தியில் மச்சான் வீட்டுக்குப் போய் அன்றைய கணக்கை ராசாத்தியிடம் சொல்வேன். அவள் எண்ணக் கற்றதே அதில்தான். இருபத்தொன்பதுக்கு மேல் அவளுக்கு வராது. மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

இன்னொன்றும் செய்தேன். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நிற்காது. கமலத்துக்கு வருஷம் முடிகிறவரை புழுங்கலரிசி தொடுவதில்லை, பச்சரிசிச் சோறு ஒருபொழுது மட்டும் என்று அவள் படத்துக்கு முன்னால் சொல்லிக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, எந்த சாஸ்திரமும் சொல்லவில்லை. விரத நாளில் பச்சரிசி உண்பது நம் பழக்கம். நான் வருஷம் முழுவதையும் விரதமாக்கிக்கொண்டேன். அவள் வடித்ததெல்லாம் புழுங்கல். அந்த வாசனை என் வாய்க்கு இனி வேண்டாம் என்று தோன்றியது. சயாம் பச்சரிசி இங்கே மல்லிகை மொட்டுப்போல் வெள்ளையாய்த் தீட்டி விற்கிறார்கள். அதில் மோர் ஊற்றி, உப்புப் போட்டுத் தின்றேன்.

ஐப்பசியில் உள்ளங்காலில் ஏதோ ஆயிற்று. கல் படியில் நடந்தால் மெத்தையில் நடப்பதுபோல் இருக்கும். ஒருநாள் கோட்டை மலையில் என் செருப்பு கழன்று ஒரு படியில் கிடக்க, நான் ஆறு படி மேலே நின்றுகொண்டிருந்தேன். காலுக்கு அது தெரியவே இல்லை. நெஞ்சும் காரணமில்லாமல் படபடத்தது. துக்கம் மனசிலிருந்து காலுக்கு இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இறங்கட்டும் என்று இன்னும் அதிகமாய் ஏறினேன்.

மார்கழி மழையில் ஒரு சாயங்காலம் எமிலி மலைப் படியில் களைப்பாற உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. கைகளை ஊன்றிப் பார்த்தேன். இடுப்பு எழுந்தது, கால் வரவில்லை. அன்று அழுகையும் வந்தது. மூச்சு வாங்கும்போதே அழலாம் என்று அன்றுதான் கண்டுகொண்டேன், மரைக்காயர் மன்னிக்கவேண்டும். மழை கொட்ட, நான் அழுதுகொண்டே விட்ட இடத்திலிருந்து படியை எண்ணிக்கொண்டிருந்தேனாம். அப்படித்தான் என்னைத் தூக்கிவந்த போலீஸ்காரர் மச்சானிடம் சொன்னார்.

மறுநாள் ரிக்‌ஷாவில் அரசாங்க ஆசுபத்திரிக்குப் போகும் வழியெல்லாம் மச்சான் என் கையை விடவில்லை. ஆசுபத்திரிக்கு எதிரே, புல்வெளிக்கு அப்பால், மஞ்சள் மதிலுக்குள் பைத்தியக்கார ஆசுபத்திரி இருக்கிறது. அது எங்கள் இருவருக்கும் தெரியும். வாசல் நெருங்கும்போது அவர் காதருகே குனிந்தார்.

“மாப்ளே, ஒண்ணு சொல்றேன். எது கேட்டாலும் வருத்தமா இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சித்தம் கலங்கிட்டுதுன்னு எழுதி அந்தப் பக்கம் தள்ளிடுவாங்க. அங்க போனவன் திரும்பி வந்து நான் பார்க்கல.”

சொல்லமாட்டேன் என்று தலையசைத்தேன்.

வாசலில் எங்களை எதிர்கொண்டவர் டிரெஸ்ஸர். டாக்டர் துரைக்குக் கையாளாய் நிற்பதும், கட்டுக் கட்டி மருந்து கொடுப்பதும், தமிழ் ஆட்கள் சொல்வதை இங்கிலீஷில் துரைக்குச் சொல்வதும் டிரெஸ்ஸர் வேலை. யாழ்ப்பாணத்து மனிதர், நாற்பது வயது, கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு. அந்த ஊர்க்காரர்களை நான் அரசாங்க ஆபீஸ் வாசலில் பார்த்திருக்கிறேனே தவிர, பேசிப் பழகியதில்லை. அவர் மச்சானைப் பார்த்து, “வருத்தக்காரரை மட்டும் உள்ளுக்கு விடுங்கோ” என்றார்.

மச்சானின் விரல்கள் என் கையை நசுக்கின. வருத்தக்காரன். நான் வாய் திறக்குமுன்பே முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

உள்ளே கட்டிலில் படுக்கவைத்து, ஒரு பெரிய புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்டார்: “என்ன வருத்தம் உமக்கு?”

“வருத்தம் ஒண்ணும் இல்லீங்க” என்றேன்.

“ஒண்டும் இல்லையோ?”

“ஒண்ணுமே இல்லை.”

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். கெட்டிக்காரத்தனமாய்த் தப்பிவிட்டேன் என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது.

நீண்ட கூடம். இருபுறமும் இரும்புக் கட்டில்கள். கார்பாலிக் மருந்து நெடி சோற்றிலும் தண்ணீரிலும் ஏறியிருக்கும். என் கட்டில் ஜன்னலோரம். நல்ல காற்று வரும் என்று மச்சான் மகிழ்ந்தார். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளிக்கு அப்பால் அந்த மஞ்சள் மதில் தெரியும் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பக்கத்துக் கட்டிலில் மாரிமுத்து. தஞ்சோங் பகார் கப்பல்துறையில் நிலக்கரி சுமக்கிறவர், இந்த ஊருக்கு வந்து வெகுகாலம்; பேச்சில் மலாய்க்காரர் ‘லா’ ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் டிரெஸ்ஸர் அவரிடமும் என்ன வருத்தம் என்று கேட்டார். “வயிறுங்க” என்றார் மாரிமுத்து. அடடா, இவரல்லவா சாமர்த்தியசாலி, மனசைக் கேட்டால் வயிற்றைக் காட்டித் தப்பிக்கிறாரே என்று வியந்தேன். என் மண்டையில் பயம் அவ்வளவு கெட்டியாய் உட்கார்ந்திருந்தது.

நாலு நாள் சோதனை நடந்தது. நாக்கடியில் கண்ணாடிக் குழல் வைத்துக் காய்ச்சல் பார்த்தார்கள். காதில் குழாய் மாட்டிக்கொண்டு துரை என் முதுகில் சளி தேடினார். விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, மலைக்காய்ச்சல் பூச்சி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தார்கள். சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்தார்கள். எல்லாம் சுத்தம். மற்ற கட்டில்காரனுக்கு இது நல்ல சேதி. எனக்கு ஒவ்வொரு ‘ஒன்றுமில்லை’யும் அந்த மஞ்சள் மதிலை ஓரடி கிட்டே கொண்டுவந்தது. உடம்பில் ஒன்றுமில்லாதவன் படியில் உட்கார்ந்து அழுதான் என்றால் வேறு எங்கே கோளாறு இருக்கமுடியும்? கால் எப்படி என்று ஒருமுறை கேட்டார்கள். படி ஏறி ஏறி அசதி என்றேன். துரை சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ஒவ்வொரு காலையும் டிரெஸ்ஸர் வருவார். “இண்டைக்கு வருத்தம் எப்பிடி?” நான் சொல்வேன்: “வருத்தமே இல்லை.” ஒருநாள் புன்னகையும் சேர்த்துச் சொன்னேன். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பகலில், கூடத்தின் மறுகோடியிலிருந்த ஒருவரை அந்தப் பக்கம் அழைத்துப்போனார்கள். நல்ல மனிதர், எப்போதும் சுவரைப் பார்த்து மெதுவாய்ப் பேசிக்கொண்டிருப்பார். இரண்டு காவலாட்கள் வந்தார்கள். அவர் கலாட்டா செய்யவில்லை. தன் சட்டையை நாலாய் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்களுக்கெல்லாம் கும்பிடு போட்டுவிட்டு நடந்தார். ஜன்னல் வழியே புல்வெளியில் அவர் முதுகு சிறுத்துக்கொண்டே போனதைப் பார்த்தேன். கதவு திறந்தது, மூடியது. “நீ ஏன் நடுங்குறே, பயப்படாதே லா, உனக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே சொல்றாங்க” என்றார் மாரிமுத்து. அவர் ஆறுதலாய்த்தான் சொன்னார். எனக்குப் பற்கள் அடித்துக்கொண்டன.

மச்சான் தினமும் மத்தியானம் வருவார். ஆசுபத்திரியில் கொடுப்பது புழுங்கல் சோறு. என் விரதத்துக்காக அவர் பெண்சாதி தனி அடுப்பில் பச்சரிசி வடித்து, தூக்குச்சட்டியில் மோரும் சோறும் அனுப்புவாள். மாடு கறந்து, பால் ஊற்றி, அவ்வளவு தூரம் அந்தத் தூக்கைச் சுமந்துவந்து, நான் தின்று முடிக்கும்வரை முட்டிக்கால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தச் சோறு எனக்கு அமிர்தமாய் இருந்தது.

ஐந்தாம் நாள் அவர் முகம் சரியில்லை. துரை டிரெஸ்ஸரை வைத்து அவரிடம் பேசியிருக்கிறார். உடம்பில் நோய் இல்லை, கேட்டால் அவனும் இல்லை என்கிறான், ஆனால் படியில் அழுகிறான், எண்ணுகிறான், எழுந்து நடக்க மறுக்கிறான். திங்கட்கிழமை அந்தப் பக்கம் மாற்றிப் பார்ப்போம் என்று முடிவு. மச்சான் இதைச் சொல்லிவிட்டு வெகுநேரம் தூக்கின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

“ராசாத்திய நாகப்பட்டணம் அனுப்பிடலாம்னு எங்க அம்மா கடுதாசி போட்டிருக்கு. அடுத்த கப்பல்ல ஒரு குடும்பம் போகுது. நீங்க அங்க போயிட்டா இந்த ஊர்ல அது யாருக்குன்னு இருக்கும்?”

அவர் போன பிறகு போர்வையை வாயில் திணித்துக்கொண்டேன். ஐந்து வயதில் கடல் தாண்டிப் போகிற பிள்ளைக்குப் பதினைந்து வயதில் அப்பன் முகம் நினைவிருக்காது. என் பயம் இதுதான் என்று அப்போது எனக்கே தெளிவாய்த் தெரிந்தது. மதிலல்ல, கதவல்ல. அவள் என்னை மறந்துவிடுவாள்.

ஞாயிறு பிற்பகல். துரை வராத நாள். டிரெஸ்ஸர் மட்டும் புத்தகத்தோடு வந்து, பழக்கதோஷத்தில் கேட்டார்: “வருத்தம் எப்பிடி?”

எனக்கு அதற்குமேல் பொய் சொல்லத் தெம்பில்லை. எப்படியும் நாளை கொண்டுபோகப் போகிறார்கள்.

“இருக்குதுங்க” என்றேன். “எட்டு மாசமா வருத்தம்தான். இத்தனை நாளும் பொய் சொன்னேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எட்டு மாசமோ? இதை ஏன் காணும் மறைச்சீர்? வடிவாச் சொல்லும். எப்பத் தொடங்கினது?”

“சித்திரையில.”

“எப்பிடித் தொடங்கினது?”

கமலம் இறந்த கதையைச் சொன்னேன். எட்டு மாதத்தில் எப்படித் தொடங்கியது என்று கேட்ட முதல் மனிதர் அவர். அதனால் நிறுத்தமுடியவில்லை. அவள் இல்லாத அடுக்களையைச் சொன்னேன். படியைச் சொன்னேன். செருப்பு கழன்றது தெரியாமல் போனதைச் சொன்னேன். அதற்கு அவர் புருவம் உயர்ந்தது. அவள் வடிக்கும் புழுங்கல் வாசனையைச் சொல்லி, அதைத் தொடுவதில்லை என்று விரதம் எடுத்ததைச் சொன்னேன்.

“நில்லும். எட்டு மாசமா என்ன அரிசி தின்னுறீர்?”

“பச்சரிசிங்க. சயாம் அரிசி. ஒருபொழுது.”

“இஞ்சையுமோ?”

கட்டிலடியில் இருந்த தூக்கைக் காட்டினேன். அவர் திறந்து, மீந்திருந்த நாலு வெள்ளைப் பருக்கையை விரலில் எடுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து என் போர்வையை விலக்கினார். கெண்டைக்காலை அமுக்கினார், நான் வலியில் கத்தினேன். முன்காலில் கட்டைவிரலை அழுத்தி எடுத்தார். மாவில் அழுத்தியதுபோல் குழி நின்றது. கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்காரவைத்து, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ளங்கை விளிம்பால் தட்டினார். நல்ல காலாக இருந்தால் தானாய் உதைக்குமாம். என் கால் அசையவில்லை. மறுகாலும் அசையவில்லை.

“இது பெரிபெரி” என்றார் மெதுவாய். “சீனக் கூலியளுக்குத்தான் வாறது. தமிழாக்களுக்கு வராது எண்டு துரை பாக்கேல்லை. புழுங்கல் தின்னுற சனத்துக்கு வராதுதான். நீர் புழுங்கலை விட்டிட்டீர்.” பிறகு கோபமாய்க் கேட்டார்: “முதல் நாளே நான் என்ன வருத்தம் எண்டு கேட்டனான் எல்லோ? ஏன் இல்லை எண்டனீர்?”

“வருத்தம்னு சொன்னா பைத்தியம்னு எழுதிடுவீங்கன்னுதான்.”

அவர் புத்தகத்தை முதல் நாள் பக்கத்துக்குப் புரட்டினார். அதைப் பார்த்ததும்தான் அவருக்கு விளங்கியது. “ஐயோ கடவுளே. எங்கட ஊரிலை வருத்தம் எண்டால் நோய் காணும். நான் உம்மட நோயைக் கேட்டனான். நீர் மனசைச் சொல்லியிருக்கிறீர்.”

ஆயிரம் தடவை அந்தச் சொல்லை ஈயத்தில் கோத்திருக்கிறேன். அதற்குள் இன்னொரு அர்த்தம் குடியிருக்கிறது என்று தெரியாமல், வருத்தமில்லை வருத்தமில்லை என்று என் நோயை நானே மறைத்து, மஞ்சள் மதிலுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது. சிரித்தால் நெஞ்சு படபடத்தது. உடனே பயமும் வந்தது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. பெரிபெரி என்பது நரம்பைத் தின்னும் நோய். காலில் தொடங்கி மரத்துப்போகச் செய்யும், நீர் கோக்கும், கடைசியில் இதயத்தைப் பிடிக்கும். பிடித்தால் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே போய்விடுவான். அடுத்த கூடத்தில் ஒரு சீனர் தண்ணீர்க் குவளையை வாயில் வைத்தபடியே சாய்ந்தார் என்று மாரிமுத்து எனக்கு அக்கறையாய் வந்து சொன்னார். தீட்டிய அரிசிதான் காரணம் என்று சில டாக்டர்கள், ஏதோ கிருமி என்று சில டாக்டர்கள். எங்கள் துரை கிருமிக் கட்சி. ஆனாலும் திங்கட்கிழமை சுத்தியலால் என் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, மாற்றும் உத்தரவைக் கிழித்தார். அரிசியை மாற்றிப் பார்க்கலாம் என்றார்.

புழுங்கல் கஞ்சியும் பயறும் கட்டிலுக்கு வந்தன. நான் கையை நீட்டவில்லை. வருஷம் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. அவளுக்குக் கொடுத்த ஒரே சொல் அது. டிரெஸ்ஸர் அதட்டவில்லை.

“உம்மட பெண்சாதி உசிரோட இருந்தா உமக்கு எந்த அரிசியை வடிப்பா?”

“புழுங்கல்.”

“அப்ப அவவின்ர சோத்தைத் தின்னும்.”

தின்றேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எட்டு மாதமாய்ப் படியில் விட்டுவந்த அழுகையெல்லாம் சேர்ந்து வந்தது. கஞ்சி உப்பாய் இருந்தது என்றால் நம்புவீர்கள்.

மத்தியானம் மச்சான் தூக்கோடு வந்தார். விஷயத்தைச் சொன்னதும் தூக்கைத் தரையில் வைத்துவிட்டு, அதைத் தொடாமல் தள்ளி உட்கார்ந்தார். “நானே கொண்டாந்து கொடுத்தேனே மாப்ளே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தத் தூக்கு இல்லாவிட்டால் டிரெஸ்ஸர் பருக்கையைப் பார்த்திருக்கமாட்டார் என்றேன். அவருக்கு அது ஆறுதலாகவில்லை. கப்பலுக்குச் சொல்லியிருந்ததை அன்றே ரத்து செய்தார்.

அடுத்த மூன்று வாரமும் நான் என் நெஞ்சைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன். தண்ணீர் குடிக்கும்போது குவளையை இரண்டு கையாலும் பிடிப்பேன். ஒரு துடிப்பு தாமதித்தால் ராசாத்தியின் பெயரைச் சொல்வேன். பிறகு காலில் குழி விழுவது நின்றது. ஒரு காலையில் உள்ளங்காலுக்குத் தரையின் குளிர் தெரிந்தது. மாரிமுத்துவிடம் சொன்னேன். தரை குளிராய்த்தான் இருக்கும் என்றார்.

வீட்டுக்குப் போகும் நாள் டிரெஸ்ஸர் ஆசுபத்திரி மேட்டின் படித் தலைப்புவரை வந்தார். புத்தகம் கையில் இருந்தது. கடைசியாய் ஒருமுறை கேட்டார்: “இப்ப வருத்தம் ஏதும் இருக்கோ?”

“இருக்குங்க” என்றேன்.

இந்தத் தடவை அவர் எழுதவில்லை. புத்தகத்தை மூடினார். “அதோட போம். அதுக்கு இஞ்சை கட்டில் இல்லை” என்று சொல்லி, என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்.

கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாய் இறங்கினேன். கீழே மச்சானும் ராசாத்தியும் நின்றார்கள். ஒரு மாதத்தில் வளர்ந்திருந்தாள். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். கொஞ்சம் தள்ளியே நின்று என் கால்களைப் பார்த்தாள்.

“எத்தனை படிப்பா?”

எனக்குத் தெரியவில்லை. காலை எங்கே வைப்பது என்ற பயத்தில் எண்ணவே மறந்திருந்தேன். அதைச் சொன்னேன்.

“இரு, நான் பாத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு, பிடிக்குமுன் படியேறத் தொடங்கினாள். அவள் பின்னால் ஏற எனக்குக் கால் இல்லை. ஒன்று, இரண்டு என்று அவள் குரல் மேலே போனது. திருப்பத்தில் ஆள் மறைந்தாள். இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது என்று கேட்டது. பிறகு சத்தமில்லை. கைப்பிடியை இறுக்கிக்கொண்டு, மூச்சுவிடாமல் நின்றேன்.

ஒன்று என்று அவள் மறுபடி தொடங்குவது கேட்டது.